உறைந்த சீனப் பணிஸும் எங்கள் இடியப்பப் பானையும்

பணிஸ் என்றதும் எங்கள் மனதில் வருவது பேக்கரிப் போறணையில் வெந்து, மேற்பக்கம் சிவந்து, தேநீர்க்கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் பணிஸ்தான். மாலுபாண், சீனிப் பணிஸ், கிம்புலாப் பணிஸ் என்று அதற்குப் பல பெயர்கள். இப்போது வேறொரு பணிஸும் எங்கள் வீடுகளை எட்டிப் பார்க்கிறது. வெள்ளை வெளேரென்று, தோல் சிவக்காமல், கல்லுப்போல் உறைந்து, பொலித்தீன் பைக்குள் ஆறு அல்லது எட்டாக அடைத்து, கொழும்பின் பெரிய கடைகளில் குளிர்பெட்டிக்குள் கிடக்கும் சீனப் பணிஸ் அது. கொழும்பில் வேலை செய்யும் மகனோ, மத்திய கிழக்கிலிருந்து திரும்பிய தங்கையோ வாங்கி வந்து கையில் தந்தால், வீட்டிலுள்ளவர்கள் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: இதைப் பொரிக்கிறதா, போறணையில் வைக்கிறதா?

இரண்டும் இல்லை. இதை அவிக்க வேண்டும். பிட்டு, இடியப்பம், கொழுக்கட்டை, நோன்புப் பெருநாள் வட்டிலப்பம் என்று ஆவியில் வேகவைப்பதிலேயே காலத்தைக் கழித்த ஏறாவூர்ப் பெண்ணுக்கு இதற்கென்று புதிதாக ஒரு பாத்திரமும் தேவையில்லை. செங்கலடியிலும் ஆறுமுகத்தான்குடியிருப்பிலும் உள்ள சகோதரிகளுக்கும் இது பொருந்தும்.

சீனாவின் தென்பகுதி நெல் விளையும் நாடு, வடபகுதி கோதுமை நாடு. வடக்கத்தியர் கோதுமை மாவைப் புளிக்கவைத்து உருட்டிப் போறணையில் சுடாமல் நீராவியில் அவித்தார்கள். உள்ளே ஒன்றும் வைக்காத வெறும் பணிஸுக்கு மாந்தோ என்று பெயர். இறைச்சியோ மரக்கறியோ இனிப்புப் பயறோ வைத்து மூடியது பாவ். மலேசியா, சிங்கப்பூர்த் தமிழர்களும் பாவ் என்றே சொல்லி வாங்கிச் சாப்பிடுகிறார்கள்.

மாந்தோ பிறந்த கதையைச் சீனர்கள் இப்படிச் சொல்வார்கள். கி.பி. 225 இல் சூகே லியாங் என்ற அமைச்சர் தெற்கே படையெடுத்துச் சென்று, போர் முடிந்து திரும்பும் வழியில் ஓர் ஆற்றைக் கடக்க முடியாமல் நின்றார். காற்றும் அலையும் விடவில்லை. மனிதத் தலைகளை வெட்டி ஆற்றுக்குப் பலி கொடுத்தால்தான் வழி கிடைக்கும் என்று அவ்விடத்து மக்கள் சொன்னார்கள். போரில் செத்தவர்கள் போதாதா, இன்னும் கொல்ல வேண்டுமா என்று எண்ணிய அவர், மாவைப் பிசைந்து உள்ளே இறைச்சி வைத்துத் தலைபோல் உருட்டச் செய்து, அவற்றை ஆற்றில் இடச் சொன்னாராம். ஆறு அடங்கிவிட்டது. இது பழங்கதை, நடந்ததா இல்லையா என்று யாரும் சாதிக்க முடியாது. ஆனாலும் மனிதத் தலைக்குப் பதிலாக மா உருண்டை என்ற எண்ணம், 1990 ஆகஸ்டில் ஏறாவூரிலும் செப்டெம்பரில் சத்துருக்கொண்டானிலும் நடந்ததைச் சுமந்துகொண்டு வாழ்கிற எங்களுக்கு வெறும் சமையற் கதையாகப் படுவதில்லை.

கதை எப்படியிருந்தாலும் பெயர் வெகுதூரம் போயிருக்கிறது. கொரியாவில் மண்டு, ஜப்பானில் மஞ்சு, மத்திய ஆசியாவிலும் துருக்கியிலும் மந்தி. எல்லாம் மாவுக்குள் எதையாவது வைத்து மூடும் பண்டங்களே. மத்திய ஆசிய முஸ்லிம் வீடுகளில் ஆட்டிறைச்சியும் வெங்காயமும் வைத்து அவிக்கும் மந்தி விருந்துக்குரியது. ஆகவே இது பன்றியிறைச்சிச் சாப்பாடு, எங்களுக்கு ஆகாது என்று முழுவதாக ஒதுக்கிவிட வேண்டியதில்லை. சீனாவிலும் கோடிக்கணக்கில் முஸ்லிம்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஆட்டிறைச்சியும் மாட்டிறைச்சியும் வைத்துச் செய்கிறார்கள்.

சீனத்தோடு எங்கள் உறவும் இன்று நேற்று வந்ததல்ல. 1409 ஆம் ஆண்டுத் திகதியிட்ட ஒரு கல்வெட்டைச் சீனக் கடற்படைத் தளபதி செங் ஹோ காலியில் நாட்டினார். அதில் சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள் உண்டு. 1911 இல் கண்டெடுக்கப்பட்ட அந்தக் கல் இப்போது கொழும்பு தேசிய நூதனசாலையில் இருக்கிறது. செங் ஹோ பிறப்பால் முஸ்லிம். பிற்காலத்தில் துணி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஊர் ஊராக விற்ற சீன வியாபாரிகளையும், பல் கட்டிய சீன வைத்தியர்களையும் எங்கள் மூத்தவர்கள் கண்டிருக்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக இங்கேயே வாழ்ந்தும் நாடற்றவர்களாக இருந்த அவர்களுக்கு 2008 ஆம் ஆண்டின் சட்டத்தினால்தான் இலங்கைப் பிரசாவுரிமை கிடைத்தது. பதிவும் அடையாள அட்டையும் இல்லாத வாழ்க்கை எப்படியென்று, இடம்பெயர்ந்து கடுதாசி எல்லாவற்றையும் தொலைத்த பெண்ணுக்குச் சொல்லித்தர வேண்டுமா?

மாவின் கதையையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். கோதுமை எங்கள் மண்ணில் விளைவதில்லை. கப்பலில் வந்த மாவை எங்கள் பாட்டிமார் 'அமெரிக்கன் மா' என்றார்கள். இன்றும் அந்தப் பெயர் முற்றாகப் போகவில்லை. பின்னர் சிங்கப்பூரின் பிறீமா நிறுவனம் திருகோணமலையில் பெரிய மா ஆலையைக் கட்டியது. அது நிற்கும் இடத்தின் பெயரே சீனக்குடா. முகாம்களில் இருந்தவர்களுக்கு இந்த மா வேறொரு நினைவையும் தரும். உலர் உணவு நிவாரணத்தில் அரிசி, பருப்பு, சீனி, எண்ணெயோடு கோதுமை மாவும் வந்தது. காலையில் ரொட்டி, இரவில் ரொட்டி, மறுநாளும் ரொட்டி. இதனாலேயே கோதுமை மாவைக் கண்டால் முகம் சுளிக்கும் பெண்களை நான் அறிவேன். அவர்களில் சிலருக்கு அதே மா மெத்தென்ற வெள்ளைப் பணிஸாகிக் கைக்கு வந்தபோது, முதலில் ஒரு சிரிப்புத்தான் வந்தது.

வாங்கிய பணிஸை அவிக்கும் முறை

முதலில் பைக்கு வெளியே எழுதியிருப்பதைப் பாருங்கள். சீனப் பாவில் அதிகம் வைப்பது பன்றியிறைச்சி. உள்ளே இனிப்பு இருக்கும் பணிஸிலும் மாவைப் பிசையப் பன்றிக்கொழுப்புச் சேர்ப்பதுண்டு. ஆகவே படத்தில் மரக்கறி தெரிகிறது என்று நம்பிவிடக் கூடாது. முஸ்லிம் சகோதரிகள் ஹலால் இலச்சினையைத் தேடுங்கள். இலங்கையில் அந்தச் சான்றிதழை 2013 வரை அகில இலங்கை ஜம்இய்யதுல் உலமா வழங்கியது. அதன்பின் அதற்கெனத் தனிச் சபை வழங்குகிறது. மாட்டிறைச்சி உண்ணாத இந்துச் சகோதரிகளும், முட்டை சேராத விரத நாட்களில் வாங்குபவர்களும் சேர்மானப் பட்டியலை வாசிக்கத்தான் வேண்டும். எழுத்து சீனத்தில் மட்டும் இருந்தால் வாங்காமல் விடுவது நல்லது. காலாவதித் திகதியைப் பார்க்கவும் மறக்க வேண்டாம்.

பணிஸை உருகவிட்டு அவிக்கத் தேவையில்லை. இதைத்தான் பலர் மாறிச் செய்கிறார்கள். மேசையில் வைத்து உருகவிட்டால் மேலே ஈரம் படிந்து தோல் பிசுபிசுக்கும், அவித்ததும் சப்பையாகிவிடும். உள்ளே இறைச்சி இருந்தால் எங்கள் வெயிலில் கிருமி பெருகவும் நேரம் கொடுத்ததாகிவிடும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு ஆவிக்குப் போக வேண்டும்.

இடியப்பப் பானையில் தண்ணீரை விட்டு நன்றாகக் கொதிக்க வையுங்கள். தட்டில் வாழையிலையைச் சிறு சதுரங்களாக வெட்டி, எண்ணெய் தொட்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு பணிஸை வையுங்கள். பணிஸ் வெந்து பருக்கும் என்பதால் இடையில் இரண்டு விரல் இடம் விடுங்கள். மூடியை ஒரு மெல்லிய துணியால் சுற்றிக் கட்டுங்கள். மூடியில் படியும் ஆவி சொட்டுச் சொட்டாக விழுந்தால் பணிஸின் மேல் பள்ளம் பள்ளமாகும். துணி அதை உறிஞ்சிக்கொள்ளும். சீனர்கள் மூங்கிற் தட்டில் அவிப்பதும் இதற்காகவே. பானைக்கு மேல் துணி கட்டி மா அவிக்கும் வழக்கமுள்ள வீடுகளில் அதே ஏற்பாடும் போதும்.

உள்ளீடு இல்லாத சிறிய பணிஸுக்கு 8 முதல் 10 நிமிடம், உள்ளீடு உள்ளதற்கு 12 முதல் 15 நிமிடம். பையில் வேறு நேரம் எழுதியிருந்தால் அதையே பின்பற்றுங்கள். இடையில் திறந்து பார்க்க ஆசை வரும். திறக்க வேண்டாம். தண்ணீர் வற்றினால் கொதிநீரையே விடுங்கள். பச்சைத் தண்ணீர் விட்டால் ஆவி அடங்கிவிடும். அடுப்பை அணைத்தபின் 3 நிமிடமாவது மூடியபடியே விடுங்கள். சூட்டிலிருந்து திடீரென்று குளிர்காற்றுப் பட்டால் உள்ளேயிருக்கும் காற்று சுருங்கி, பணிஸ் பொத்தென்று அமுங்கிச் சுருக்கம் விழுந்துவிடும். முதலில் ஒன்றைப் பிய்த்து நடுவில் விரல் வைத்துப் பாருங்கள். நடுவில் குளிர் இருந்தால் இன்னும் 3 நிமிடம் அவிக்க வேண்டும். சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கும்போது கவனம் தேவை. வெளியே ஆறியிருந்தாலும் உள்ளீடு நாக்கைச் சுடும்.

இரவு பஸ்ஸில் கொழும்பிலிருந்து வரும் பணிஸ் பெரும்பாலும் உருகியே வந்து சேரும். மீன் வியாபாரிகள் வைத்திருப்பதுபோன்ற றெஜிபோம் பெட்டியில் ஐசோடு வந்து இன்னும் குளிர்ச்சியாக இருந்தால் அன்றே அவித்துச் சாப்பிட்டுவிடலாம், திரும்ப உறையவைக்க வேண்டாம். இளஞ்சூடாக வந்து இறைச்சியும் உள்ளே இருந்தால், காசு போனாலும் எறிந்துவிடுங்கள்.

வீட்டிலேயே செய்வோம்

உண்மையைச் சொன்னால் வாங்கிய பணிஸின் விலை எங்கள் குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது. வீட்டில் செய்வது கடினமும் இல்லை. அரைக் கிலோ கோதுமை மாவுக்கு ஒன்றரைத் தேக்கரண்டி ஈஸ்ட், மூன்று மேசைக்கரண்டி சீனி, ஒரு தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெய், ஒரு சிட்டிகை உப்பு, ஏறக்குறைய 250 மில்லி லீற்றர் இளஞ்சூட்டு நீர். இதில் 16 பணிஸ் வரும்.

ஒரு விடயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். எங்கள் வீடுகளில் பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் கோதுமை மாவை அவித்து, அரித்து, போத்தலில் போட்டு வைத்திருப்போம். அந்த மா இதற்கு உதவாது. பச்சை மாவில் தண்ணீர் பட்டுப் பிசையும்போது உண்டாகும் இழுபடும் தன்மைதான் ஈஸ்ட் விடும் காற்றைப் பிடித்து வைத்துப் பணிஸை எழுப்புகிறது. அவித்த மாவில் அந்தப் புரதம் சூட்டில் இறுகிப்போயிருக்கும். பிட்டு உதிரியாக வருவதற்கு அது நல்லது. பணிஸுக்கு அதுவே கேடு.

நீர், விரல் பொறுக்கும் சூட்டில் இருக்கட்டும். அதில் சீனியையும் ஈஸ்டையும் கரைத்துப் பத்து நிமிடம் வையுங்கள். நுரைத்து வந்தால் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது. நுரைக்காவிட்டால் மாவை வீணாக்காமல் வேறு ஈஸ்ட் வாங்குங்கள். பின்பு எல்லாவற்றையும் சேர்த்துப் பத்து நிமிடமாவது நன்றாகப் பிசையுங்கள். காதுச் சோணைபோல் மெத்தென்று வர வேண்டும். ஈரத்துணியால் மூடி வைத்தால் குளிர்நாடுகளில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். எங்கள் சித்திரை வெயிலில் 40 நிமிடத்திலேயே இரட்டிப்பாகிவிடும். அதற்குமேல் விட்டால் புளித்து மணக்கும்.

உள்ளீடு உங்கள் கைப்பக்குவம். கோழியையோ மீனையோ அவித்து உதிர்த்து, வெங்காயம், கறிவேப்பிலை, மிளகு சேர்த்து வதக்கி, தண்ணீர் இல்லாமல் வற்றவிட்டு ஆறவைத்தால் மாலுபாணின் உள்ளீடே வந்துவிடும். சூடான உள்ளீட்டை வைத்தால் மா இளகி அடி பிய்ந்துவிடும். சீனர்கள் சிவப்புப் பயறை அவித்து மசித்துச் சீனி சேர்த்து வைக்கும் ஒரு பணிஸ் உண்டு. அதை எங்கள் கொழுக்கட்டையின் அக்கா என்றே சொல்லலாம். பயறு வறுத்து அவித்து, சர்க்கரையும் தேங்காய்ப்பூவும் ஏலமும் சேர்த்து நீங்கள் செய்யும் அதே உள்ளீடு இதற்குக் கச்சிதமாகப் பொருந்தும். மட்டக்களப்பில் தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும்போல என்று மேடைதோறும் சொல்கிறார்கள். மேடைப் பேச்சை விட, ஒரே பானையைச் சுற்றி இருந்து யார் உள்ளீடு நல்லது என்று இரண்டு ஊர்ப் பெண்கள் சண்டை பிடிப்பதைப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

மாவை 16 உருண்டையாக்கி, ஓரம் மெல்லியதாகவும் நடு சற்றுத் தடிப்பாகவும் தட்டி, உள்ளீட்டை வைத்து, கொசுவம் மடிப்பதுபோல் சுற்றிவர மடித்துக் குவித்து மூடுங்கள். இலைத் துண்டில் வைத்து இன்னும் 15 நிமிடம் பொறுங்கள். பிறகு 12 முதல் 15 நிமிடம் அவியுங்கள்.

உறையவைப்பதற்கு, அவித்த பணிஸை முற்றாக ஆறவிட வேண்டும். சூட்டோடு பைக்குள் போட்டால் ஆவி தண்ணீராகி, தண்ணீர் ஐஸாகி, பணிஸ் கெட்டுவிடும். ஒரு தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறைகுளிர்ப் பகுதியில் இரண்டு மணித்தியாலம் வைத்து, இறுகியபின் பையில் போட்டுக் காற்றை வெளியேற்றிக் கட்டி, செய்த திகதியை எழுதி ஒட்டுங்கள். ஒரு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். மின்சாரம் போனால் பெட்டியைத் திறக்காதீர்கள். நிறைந்திருக்கும் தனி உறைகுளிர்ப் பெட்டி திறக்காமல் இருந்தால் ஏறக்குறைய 2 நாளும், பாதி நிறைந்தது ஒரு நாளும் தாங்கும். சாதாரண குளிர்சாதனப் பெட்டியின் மேற்தட்டு அவ்வளவு தாங்காது.

விற்கலாமா?

பயிற்சி என்று எதைச் செய்தாலும் சகோதரிகள் கேட்பது இதைத்தான். பெண் தலைமை தாங்கும் குடும்பங்களுக்கு இடியப்பமும் பிட்டும் அவித்துக் கடைக்குப் போடுவது நெடுநாளைய வருமானம். பணிஸை அதோடு சேர்த்து அவித்துச் சுடச்சுட விற்கலாம், தவறே இல்லை. நோன்பு காலத்து மாலை வியாபாரத்துக்கு இது நன்றாகவே போகும்.

ஆனால் உறையவைத்து விற்பதற்காகக் கடன் எடுத்துப் பெரிய குளிர்பெட்டி வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். கிழமைக் கடன் எங்கள் மாவட்டத்துப் பெண்களை எந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்பதை நாம் கண்ணால் கண்டோம். 2018 இல் அரசு, வறட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்ய வேண்டிய அளவுக்கு அது போனது. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாமற் போனதையும், எரிவாயு வரிசையையும் மறந்துவிட முடியாது. மின்சாரத்தையும் கடனையும் ஒன்றாக நம்பியிருக்கும் தொழில், தனியாளாகப் பிள்ளைகளை வளர்க்கும் பெண்ணுக்குப் பெரிய ஆபத்து. முதலில் 16 பணிஸுக்கு மா, ஈஸ்ட், உள்ளீடு, விறகு, பை, போக்குவரத்து எல்லாவற்றையும் எழுதிக் கூட்டுங்கள். உங்கள் இரண்டு மணித்தியால உழைப்புக்கும் ஒரு தொகை போடுங்கள். அதைப் போடாமல் இலாபம் பார்ப்பதுதான் எங்கள் பெண்களின் பழைய வழக்கம். பிறகும் மிச்சம் தெரிந்தால், குழுவாகச் சேர்ந்து ஒரு பெட்டி என்று யோசிக்கலாம். கடைக்குப் போடுவதாக இருந்தால் உங்கள் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை முன்னரே சந்தித்து, சமையலறைப் பதிவையும் சுட்டுத்துண்டில் எழுத வேண்டியவற்றையும் கேட்டுச் செய்யுங்கள்.

விற்பனைக் கணக்கையே பேசிக்கொண்டிருந்தால் இன்னொன்று விடுபட்டுப் போகும். கணவனை இழந்த பெண் தன் வாய்க்கு ருசியாக ஏதாவது செய்து சாப்பிட்டால் அயல் வாய் சும்மா இருப்பதில்லை. பிள்ளைகளுக்கென்றால் செய்வாள், விருந்தாளிக்கென்றால் செய்வாள்; தனக்கென்று அடுப்பு மூட்ட மாட்டாள். கடைசியாக, ஆறியதை, நின்றுகொண்டே சாப்பிடுவாள். போரும் வறுமையும் இதை உண்டாக்கவில்லை. முன்பே இருந்ததை இன்னும் இறுக்கிவிட்டன, அவ்வளவுதான். இந்தப் பணிஸில் எனக்குப் பிடித்தது, இது ஆறினால் நன்றாயிராது என்பதே. தட்டை இறக்கியதும் எல்லோரும் சேர்ந்து இருந்து, பிய்த்து, ஆவி பறக்கச் சாப்பிட வேண்டும். அவித்தவளும் இருக்கத்தான் வேண்டும்.

தொட்டுக்கொள்ள மிளகாய்ச் சம்பல் போதும். வெறும் மாந்தோ என்றால் கறி வேண்டும். சிங்கப்பூரில் மிளகாய் நண்டுக் குழம்போடு பொரித்த மாந்தோ கொடுப்பார்கள்; அங்கே பேர் பெற்ற நண்டு இலங்கையிலிருந்து போவது. எங்கள் வாவி நண்டைத் தேங்காய்ப்பால் விட்டு, முருங்கையிலை போட்டுக் காய்ச்சி, அந்தக் குழம்பில் வெறும் பணிஸைத் தோய்த்துப் பாருங்கள். நீரிழிவு உள்ளவர்கள் ஒன்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது, இது வெள்ளை மாதான். மிஞ்சிய வெறும் பணிஸை மறுநாள் காலை வட்டமாக வெட்டி, முட்டையில் தோய்த்துத் தாச்சியில் இரு பக்கமும் சிவக்க விட்டால் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பிள்ளையின் பெட்டிக்குச் சரி. உள்ளே மீனோ கோழியோ இருந்தவற்றை மட்டும் அடுத்த நாளைக்கு வெளியே வைக்க வேண்டாம்.